தவளைப் பாய்த்தும் பருந்தின் வீழ்வும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் நான்கு, ஒன்றையொன்று அறியாமலே, ஒரே விடயத்தைச் சுற்றி வந்திருக்கின்றன. மாரி தொடங்கித் தேரைகள் இரவிரவாகக் கத்தும் நாட்களில் எழுதப்பட்டவை என்பதால் அதில் வியப்பில்லை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பக்கங்களைப் பருந்துக்கும் தேரைக்குமே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: நான் நல்லூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். நன்னூற் பாயிரத்தில் "ஆற்றொழுக்கு அரிமா நோக்கம் தவளைப் பாய்த்துப் பருந்தின் வீழ்வு அன்ன சூத்திர நிலை" என்று வருவதைப் படிப்பிக்கும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு தவளையையும் ஒரு பருந்தையும் கீறிக் காட்டுவது எனது வழக்கம். இன்று எனது குளிப்பறையில் ஒரு தேரையும், வளவுத் தென்னையில் ஒரு செம்பருந்தும் குடியிருக்கின்றன. நன்னூலை இயற்றிய பவணந்தியாரின் உவமை இயற்கைக்குப் பொருந்துகிறதா? இவ்விரண்டையும் ஒப்பிட்டால் எது திறமையானது?

பதில்: ஐயா, உவமை பொருந்துகிறது, நாம் வழக்கமாக எண்ணுவதைவிட நுட்பமாகவே பொருந்துகிறது. இடையிலுள்ள சூத்திரங்களைத் தொடாமல் தாண்டிப் போய் அப்பாலுள்ள ஒன்றோடு இயைவது தவளைப் பாய்த்து என்பதையும், தொலைவிலிருந்து வந்து வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டு அப்படியே போய்விடுவது பருந்தின் வீழ்வு என்பதையும், நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதிய ஆறுமுக நாவலர் பிறந்த ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நான் சொல்ல விரும்புவது, அந்த உவமைக்குப் பருந்தைத் தவிர வேறு கொன்றுண்ணிப் பறவை எதுவும் அவ்வளவு சரியாக வந்திராது என்பதே. பொரி வல்லூறு மணிக்கு 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்ந்து வானத்திலேயே இரையை அடிக்கும். மாரிகாலத்தில் எங்கள் கடலேரிகளுக்கு வந்து போகும் விராலடிப்பான், கால்களை முன்னே நீட்டியபடி உடல் நனையத் தண்ணீருக்குள் விழும். பருந்து இரண்டையும் செய்வதில்லை. அது விழுவதுபோல் வந்து, எடுத்து, நிற்காமல் போகும்.

பாசையூர்க் கரையில் காலையில் வலை உதறும் நேரம் நின்று பாருங்கள். செம்பருந்து முதலில் ஒரு வட்டம் போடும். பின்னர் ஒரு பக்கச் சிறகைச் சற்றே தாழ்த்திக் காற்றின் மீது சறுக்கிக்கொண்டு இறங்கும். தண்ணீரை அண்மிக்கையில் இரண்டு கால்களும் முன்னே வரும். விரல்கள் மட்டும் நனையும். அடுத்த கணம் ஒரு சூடைமீனோ கழித்து எறியப்பட்ட ஒரு நண்டுத்துண்டோ அதன் காலில் இருக்கும், அது மறுபடியும் மேலே இருக்கும். பல வேளைகளில் மரத்துக்குப் போகும் வரை கூடப் பொறுக்காமல், பறந்தபடியே காலை அலகுக்கு உயர்த்திக் கொத்தித் தின்னும். சூத்திரமும் அப்படித்தானே, வந்த இடத்தில் தங்குவதில்லை.

எடுத்ததை நழுவவிடாமல் வைத்திருப்பதற்கு அதன் காலில் ஒரு பொறி உண்டு. தசையை என்போடு இணைத்து விரல்களை மடக்கும் நாண்களின் மேற்பரப்பு சொரசொரப்பானது. அந்த நாண்கள் ஓடும் உறையின் உட்புறத்தில் வரிவரியான மடிப்புகள் உள்ளன. விரல் மடங்கி இரையை அழுத்தியதும் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்வதால், தசையைத் தொடர்ந்து வருத்தாமலே பிடி இறுகி நிற்கும்.

இனித் தேரைக்கு வருவோம். நூல்களில் தேரை என்னும் சொல் தரையில் வாழும் சொறித்தவளையையும் குறிக்கக் காணலாம். எங்கள் வீடுகளிலோ தேரை என்றால் சுவரிலும் கதவு நிலையிலும் ஒட்டியிருக்கும் மரத்தவளைதான். விஞ்ஞானிகள் பொலிபீடேற்றஸ் மக்குலேற்றஸ் என்று பெயரிட்டுள்ள இதில், பெண் 7 அல்லது 8 சென்ரிமீற்றர் வரை வளரும். ஆண் அதைவிடச் சிறியது. பகலில் இது சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிக் கிடப்பதால், ஆங்கிலேயர் "சுண்ணாம்பு" என்ற எங்கள் சொல்லையே திரித்து இதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

எனது வீட்டுக் குளிப்பறையில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒன்று இருக்கிறது. இரவில் மின்விளக்கைப் போட்டதும் அது அசையாது. கண்ணை ஒருமுறை உள்ளே இழுத்து வெளியே விடும். சென்ற வாரம் ஓர் அந்துப்பூச்சி எதிர்ச்சுவரில் வந்து குந்தியது. தேரை முதலில் உடலை அந்தப் பக்கம் திருப்பியது. அதற்குக் கழுத்தில் ஒரேயொரு முள்ளந்தண்டு என்பு மட்டும் இருப்பதால், பருந்தைப்போல் தலையை மட்டும் திருப்ப முடியாது. பின்னர், தரையையும் வாளியையும் தொடாமல் ஒரே பாய்ச்சல். பூச்சி தப்பிவிட்டது. ஆனால் தேரை விழவில்லை. இரும்புக் குழாயில் ஒரு முன்காலின் இரண்டு விரல்கள் மட்டும் பட்டிருக்க, உடல் முழுவதும் ஊசலாடி, மெல்லப் பின்கால்களை எடுத்து வைத்து ஏறிக்கொண்டது. வயலில் பாயும் தவளைக்கு எங்கே விழுந்தாலும் நிலம் இருக்கும். கிளைக்குக் கிளை பாயும் தேரைக்கு நடுவில் எதுவும் இல்லை. நன்னூலார் தேரையைத்தான் நினைத்தார் என்று நான் வாதாட வரவில்லை. ஆனாலும் இடையைத் தொடாமல் தாண்டுவதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பாய்ச்சலில் ஒரு சூட்சுமம் உள்ளது. மரத்தவளைகளின் பாய்ச்சலை அளந்து பார்த்தவர்கள், அவற்றின் தொடைத் தசைகள் நேரடியாகத் தரக்கூடிய வலுவைப்போல் பல மடங்கு வலு பாயும் கணத்தில் வெளிப்படுவதைக் கண்டார்கள். தசை முதலில் சுருங்கி நாணை இழுத்து வைக்கிறது. கால் நீளும் கணத்தில் அந்த நாண் கவணின் இறப்பர்ப் பட்டிபோல் ஒரே தடவையில் விடுபடுகிறது. ஆகவே இரண்டு உயிர்களுக்கும் நாண்தான் கைகொடுக்கிறது. பருந்தின் நாண் பூட்டுகிறது, தேரையின் நாண் விடுக்கிறது.

விரல் நுனியிலோ நிலைமை தலைகீழ். தேரையின் விரல் முனை தட்டையான வட்டில்போல் அகன்றிருக்கும். அதன் தோற்கலங்கள் பெரும்பாலும் அறுகோண வடிவானவை. அவற்றுக்கிடையே நுண்ணிய கால்வாய்கள் ஓட, அவற்றில் சளிநீர் பரவுகிறது. அந்த மெல்லிய நீர்ப்படலமும், தோலுக்கும் சுவருக்கும் இடையிலான உராய்வும் சேர்ந்துதான் அதைச் செங்குத்தான ஓட்டில் நிறுத்துகின்றன. பலர் நினைப்பதுபோல் அது பசையும் அல்ல, உறிஞ்சு கிண்ணமும் அல்ல. காலை எடுக்கவேண்டும்போது வட்டிலைப் பின்பக்கமிருந்து உரித்து எடுக்கும், நாம் முத்திரையை உரிப்பதுபோல்.

எது திறமையானது என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்விக்கு வழமையாக எழுதப்படும் விடை, ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில் சிறந்தது என்பது. அது பொய்யல்ல, ஆனால் அதில் எதுவும் இல்லை. இரண்டும் எதைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கின்றன என்று கேட்டால் ஒப்பீடு சுவைக்கத் தொடங்கும். செம்பருந்து 45 முதல் 50 சென்ரிமீற்றர் நீளமான, சிறகை விரித்தால் ஒரு மீற்றருக்கு மேல் அகலமான பறவை. அதன் இரத்தம் பகலிலும் இரவிலும் ஏறத்தாழ 40 பாகை செல்சியசில் இருக்கவேண்டும். அந்த அடுப்பை அணையவிடாமல் காக்க அது தினமும் தின்றேயாகவேண்டும். எனவே சிறகடித்து வலுவை வீணாக்காமல், வெயில் ஏறி நிலம் சூடாகிக் காற்று மேலெழும் வரை மரத்தில் குந்தியிருந்து, பிறகு அந்தக் காற்றின் மேல் ஏறி இலவசமாக மிதக்கிறது. தேரைக்கு அடுப்பே இல்லை. சுற்றாடலின் வெப்பமே அதன் வெப்பம். ஒரு நாள் பட்டினி கிடந்தால் அதற்குக் குடி முழுகிவிடாது. ஆனால் அது தோலாலும் சுவாசிப்பது. தண்ணீரை வாயால் குடிக்காமல் வயிற்றுத் தோலால் உறிஞ்சுவது. தோல் காய்ந்தால் கதை முடிந்தது. பருந்து சூட்டைக் காசாக எண்ணுகிறது, தேரை தண்ணீரை எண்ணுகிறது. அதனால்தான் ஒரே தென்னையில் இருந்துகொண்டும் ஒன்று வெயிலோடு எழும்புகிறது, மற்றது பொழுதுபட்ட பின்னர் எழும்புகிறது.

ஆறில்லாத எங்கள் குடாநாட்டில், ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும் இந்த மண்ணில், தோலால் வாழும் ஒரு பிராணி சித்திரை வெயிலை எப்படிக் கடக்கிறது? இந்த இனத்தைப் பற்றி 1997 இல் வெளியான ஆய்வொன்றில் அதற்கு விடை உண்டு. தேரை தன் தோற்சுரப்பிகளிலிருந்து கசியும் கொழுப்பும் சளியும் கலந்த திரவத்தைக் கால்களால் உடலெங்கும் துடைத்துப் பூசிக்கொள்கிறது. பூசி முடித்ததும் கால்களை உடலுக்கடியில் மடித்து, கண்ணை மூடி, அசையாமல் இருந்துவிடும். அந்தப் பூச்சினால் ஆவியாகிப்போகும் நீர் குறைகிறது. பகலில் நீங்கள் காணும் வெளிறிய, உயிரில்லாததுபோன்ற தேரை, உண்மையில் எண்ணெய் பூசிக்கொண்டு வெயில் போகக் காத்திருப்பது. ஆகவே அதைத் தட்டி எழுப்பிப் பாயவைக்கும் பிள்ளைகளைக் கண்டால் கண்டியுங்கள்.

கேள்வி: நான் சண்டிலிப்பாயில் தரம் 9 இல் கற்கும் மாணவி. பருந்துக்கும் மரத்தவளைக்கும் இடையிலான பத்து வேறுபாடுகளை எழுதி வரும்படி விஞ்ஞான ஆசிரியை கூறியுள்ளார். உதவுவீர்களா?

பதில்: பத்தையும் நான் எழுதித் தந்தால் ஆசிரியை என்னைத்தான் கோபிப்பார். இதயவறை பறவைக்கு நான்கு, ஈரூடகவாழிக்கு மூன்று என்பது போன்றவை உங்கள் பாடநூலிலேயே உள்ளன. பாடநூலில் இடம் போதாமல் விடப்பட்ட இரண்டொன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது சுவாசம். தேரையின் தொண்டை ஏன் ஓயாமல் துடிக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அதற்கு எங்களுடையதுபோன்ற விலாக்கூடும் பிரிமென்றகடும் இல்லை. வாயின் அடித்தளத்தை இறக்கிக் காற்றை மூக்கால் எடுத்து, பின்னர் அதை உயர்த்தி நுரையீரலுக்குள் தள்ளுகிறது. அதாவது காற்றை விழுங்குகிறது என்றே சொல்லலாம். பருந்தின் உடலில் காற்றுப்பைகள் பல உண்டு. அவை துருத்திகள்போல் இயங்குவதால் நுரையீரலுக்கூடாகக் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் நுரையீரலைப்போல் வந்த வழியே திரும்புவதில்லை.

இரண்டாவது கண். மனிதக் கண்ணின் விழித்திரையில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் பள்ளம் ஒன்றுதான். பகலில் வேட்டையாடும் கொன்றுண்ணிப் பறவைகள் பலவற்றுக்கு ஒரு கண்ணிலேயே இரண்டு உண்டு, பக்கவாட்டில் தொலைவைப் பார்க்க ஒன்று, நேரே பார்க்க மற்றொன்று. தேரைக்கு அத்தகைய பள்ளம் இல்லை. 1959 இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ஜெரோம் லெற்வினும் அவரது குழுவினரும் தவளையின் பார்வை நரம்பை ஆராய்ந்தபோது, சிறிய கரிய பொருளொன்று அசைந்தால் மட்டும் துடிக்கும் இழைகள் அதில் இருக்கக் கண்டார்கள். இரை எது என்னும் முடிவின் பெரும்பகுதி, மூளைக்குப் போகுமுன் கண்ணிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. சுற்றிவர இறந்த ஈக்களைப் பரப்பி வைத்தாலும், அவை அசையாவிட்டால் தவளை பட்டினியால் சாகும். ஆனால் இருட்டில் நிலைமை மாறும். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் விழித்திரைக் கலங்களான கோற்கலங்கள் எங்களுக்கு ஒரே வகை என்பதால் இருளில் எல்லாம் சாம்பல் நிறம். தவளைகளுக்கு அவை இரண்டு வகை. நாங்கள் ஒன்றுமே காணாத இருளிலும் அவற்றால் நிறம் பிரித்தறிய முடியும்.

வேறுபாடுகளுக்கு நடுவே ஓர் ஒற்றுமையையும் எழுதுங்கள், ஆசிரியை மகிழ்வார். இரண்டுக்கும் மேல் இமை, கீழ் இமை தவிர மூன்றாவதாக ஒளி ஊடுருவும் மென்சவ்வு ஒன்று கண்ணை மூடும். தேரை இன்னொரு படி மேலே போய், இரையை விழுங்கும்போது கண்களையே உள்ளே இழுத்து, அண்ணத்தின் வழியாக இரையைத் தொண்டைக்குள் தள்ளும். எனது குளிப்பறைத் தேரை கண்ணை உள்ளே இழுக்கும்போதெல்லாம் ஏதோ தின்கிறது என்று பொருளல்ல. தின்னும்போது கட்டாயம் இழுக்கும்.

கேள்வி: கோப்பாயிலிருந்து ஓர் இல்லத்தரசி. எங்கள் வளவில் பருந்து கோழிக்குஞ்சுகளைத் தூக்குகிறது. அது தேரைகளையும் பிடிக்குமா? அதற்குப் பயந்துதான் அவை பகலில் ஒளிக்கின்றனவா?

பதில்: குஞ்சு தூக்கும் குற்றத்தைச் செம்பருந்தின் தலையில் போடுமுன் வாலைப் பாருங்கள். வால் நுனி உள்வெட்டாகப் பிளந்திருந்தால் அது கரும்பருந்து. இலங்கையில் வடபகுதிக் கரையோரமே அதன் முக்கிய வாழிடம். நுனி வளைந்து, உடல் செங்கல் நிறமாகவும் தலையும் மார்பும் வெள்ளையாகவும் இருந்தால் மட்டுமே செம்பருந்து. ஒன்றும் தெரியாமல் மரக்கிளைகளுக்குள்ளிருந்து திடீரெனப் பாய்ந்து போனால் அநேகமாக அது வல்லூறு.

செம்பருந்து தவளை தின்னும். ஆனால் அது வயலிலும் குளக்கரையிலும் வெளியே தெரியும் தவளைகளைத்தான். பகலில் கிடுகுக்குள்ளும் தென்னை மட்டையின் இடுக்கிலும் உறங்கும் தேரை அதன் கண்ணில் படுவது அரிது. தேரை ஒளிப்பது பருந்துக்குப் பயந்தல்ல, வெயிலுக்குப் பயந்து. அதன் உண்மையான எதிரி கொம்பேறி மூக்கன்; அந்தப் பாம்பு இடுக்கிடுக்காகத் தேடிப் பிடிக்கும். இரவில் இணையைத் தேடி ஆண் தேரை எழுப்பும் "டக் டக் டக்" என்ற ஒலி வேறு எதிரிகளுக்கும் வழிகாட்டும். தவளை தன் வாயால் கெடும் என்ற பழமொழியில் மிகைப்படுத்தல் இல்லை.

இரண்டும் ஒரே பந்தியில் இருக்கும் நாள் ஆண்டில் சிலவே. முதல் மழை பெய்து ஓய்ந்து ஈசல் கிளம்பும் மாலையில், பருந்துகள் தாழப் பறந்து ஈசல்களை ஒவ்வொன்றாகக் காலால் எடுத்துத் தின்னும். இருட்டியதும் தப்பிய ஈசல்கள் விறாந்தை விளக்கைச் சுற்றும். அங்கே தேரைகள் சுவரில் வரிசையாக வந்து நிற்கும்.

கேள்வி: குருநகரிலிருந்து ஒரு வாசகர். தேரை மோந்தால் தேங்காய் ஒல்லியாகும், தேரை மூத்திரம் பட்டால் கண் போகும், கருடன் வட்டமிட்டால் நன்மை வரும் என்று எங்கள் அம்மம்மா சொல்லுவா. எவ்வளவு உண்மை? குளிப்பறைத் தேரைக்கு உப்புப் போடலாமா?

பதில்: தேங்காய்க்குள் பருப்பு இல்லாமற் போவதற்கு மகரந்தச் சேர்க்கை சரியாக நடவாமையும் மண்ணில் ஊட்டக் குறைவும் காரணங்கள். தென்னையின் மட்டை இடுக்குகளில் ஈரம் தங்குவதால் தேரை அங்கே குடியிருக்கிறது. காய் பறிக்க ஏறியவரின் கண்ணில் முதலில் பட்டதும் அதுதான். பழி அப்படித்தான் அதன்மேல் விழுந்திருக்கவேண்டும்.

பிடித்ததும் தேரை பீய்ச்சுவது பெரும்பாலும் சேமித்து வைத்த நீர். அதனால் கண் போகாது. எனினும் தவளைகளின் தோற்சுரப்புக் கண்ணில் பட்டால் எரியக்கூடும் என்பதால், தொட்ட கையைக் கழுவும்படி அம்மம்மா சொன்னால் கேளுங்கள். கருடனைப் பற்றி ஒன்று சொல்லலாம். முற்பகலில் நடக்கும் கும்பாபிஷேகத்தின்போது நிலம் சூடாகிக் காற்று எழும்பத் தொடங்கியிருக்கும். பருந்து வட்டமிடும் நேரமும் அதுதான். அதற்காகக் கையெடுத்துக் கும்பிடுகிறவரைத் தடுக்க எனக்கு மனமில்லை.

உப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். தோலால் தண்ணீர் எடுக்கும் உயிருக்கு உப்பு, கிருமிநாசினி, தரை கழுவும் திரவம் எல்லாமே நஞ்சு. தேரை வெளியே போகவேண்டுமானால், கையை வெறும் தண்ணீரில் நனைத்து, அதை மெல்ல அள்ளி, பொழுதுபட்ட பிறகு வேலியோரத்தில் விடுங்கள். காய்ந்த கையால் பிடித்தால் அதன் சளிப்பூச்சுப் போய்விடும். தொட்டிச் சுவரில் வெள்ளை நுரை ஒட்டியிருந்தால், அது பெண் தேரை பின்கால்களால் அடித்துத் திரட்டிய முட்டைக்கூடு. அதற்குள் சில நூறு முட்டைகள் இருக்கும். சில நாட்களில் வாற்பேய்கள் தாமாகத் தண்ணீரில் விழுந்துவிடும். அவற்றை ஒரு வாளியில் அள்ளி வளவுக் குட்டையில் ஊற்றிவிட்டு, மிஞ்சிய காய்ந்த நுரையைத் தும்புத்தடியால் தட்டிவிடுங்கள்.